பூட்டைத் திறந்த சிறுவன்: கொல்லிமலையில் பிறந்த டாக்டரும், மரத்துப்போகும் நம் மருத்துவ மாணவர்களும்



கொல்லிமலைன்னா நமக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது வல்வில் ஓரி, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, 70 கொண்டை ஊசி வளைவு, மிளகு, காபி. அதே மலையில் 1914 ஜூலை 17 அன்று ஒரு குழந்தை பிறந்தது. பெயர் பால் பிராண்ட். பிற்காலத்தில் "வலி" என்ற விஷயத்தை மருத்துவ உலகம் பார்க்கும் பார்வையை மாற்றியவர்களில் அவர் முக்கியமானவர்.

மருத்துவ மாணவர்களிடம் பரவலாக இருக்கும் "பர்ன் அவுட்" பற்றி எழுதுங்கன்னு பலர் கேட்டிருந்தீங்க. நல்லா தூங்குங்க, நேரத்துக்கு சாப்பிடுங்க, நடங்க, போனைத் தள்ளி வைங்கன்னு ஒரு பட்டியல் போட்டு பதிவை முடிச்சிடலாம். ஆனா இந்தப் பட்டியல் மருத்துவ மாணவனுக்குத் தெரியாதா? நோயாளிக்கு தினமும் அதைச் சொல்றதே அவன்தானே? தெரிஞ்சும் ஏன் அவனால் கடைப்பிடிக்க முடியலை என்பதுதான் கேள்வி.

அதற்கான விடை பால் பிராண்டின் வேலையில் இருக்கு என்பது என் கருத்து. அவர் பர்ன் அவுட் பற்றி ஆராய்ச்சி செய்தவர் இல்லை. அவருடைய துறை தொழுநோய். ஒப்பீடு என்னுடையது. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

கதை அவருடைய அப்பா அம்மாவிடமிருந்து தொடங்குது.

ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். 1913-ல் திருமணம் முடிந்ததும் கொல்லிமலைக்கு ஏறினாங்க. அப்போ ரோடு கிடையாது, அடிவாரத்திலிருந்து நடைதான். ஜெஸ்ஸி முறையா எம்.பி.பி.எஸ் படித்த டாக்டர் இல்லை. கட்டட வேலை தெரிந்தவர். மிஷனரிகளுக்கான வெப்பமண்டல மருத்துவக் குறுகிய காலப் படிப்பு ஒன்றை முடித்திருந்தார். அந்த மலையில் அன்றைக்கு மருத்துவம் என்றால் அவர்தான். பல் பிடுங்குவது, சீழ் கீறுவது, நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி மெதுவா வெளியே எடுப்பது, எல்லாமே அவர் வேலை.

பக்கத்தில் நின்று பார்த்த சிறுவன் பாலுக்கு ரத்தமும் சீழும் அருவருப்பைத் தந்தன. டாக்டர் ஆகவே கூடாதுன்னு அன்றைக்கே முடிவு பண்ணிட்டார்.

1923-ல் பாலையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுட்டு பெற்றோர் திரும்பி வந்தாங்க. 1929 ஜூனில் ஜெஸ்ஸி மலேரியாவின் மிகக் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ரத்த சிவப்பணுக்கள் மொத்தமாக உடைந்து சிறுநீர் கருப்பாகப் போகும் நிலை அது. கொல்லிமலையிலேயே அடக்கம் செய்தாங்க. லண்டனில் இருந்த பாலுக்குத் தந்தி முதலில் வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் அதற்கப்புறமும் பல வாரம் ஒவ்வொன்றா வந்துகொண்டே இருந்தன. 15 வயது நிரம்பாத பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பால் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும்தான் கற்றுக்கொண்டார். பிறகு அப்பா படித்த அதே குறுகிய கால மருத்துவப் படிப்புக்குப் போனார். அங்கே ரத்தம் ஏற்றியதும் சாவின் விளிம்பிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண்ணைப் பார்த்தது அவர் மனதை மாற்றியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் மருத்துவம் சேர்ந்தார். படிக்கும்போதே இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களுக்கு நடுவில்தான் அவருடைய வார்டு பயிற்சி நடந்தது. 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார்.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு ஒரு சாதாரண வருகை. அங்கே இருந்தவர் தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன். பால் ஒரு நோயாளியிடம் கை நீட்டினார். நோயாளியின் விரல்கள் நகம் போல மடங்கியிருந்தன. ஆனா பிடி இரும்பு மாதிரி. பாலுக்கு வலித்தது, பிடித்தவருக்கு அது தெரியவே இல்லை. கையில் இவ்வளவு பலம் இருக்குன்னா சில தசைகள் முழு உயிரோடு இருக்கணும், அப்போ அறுவை சிகிச்சையால் அந்தக் கையை மீட்கலாமே என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது. தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை விரிய வைத்த அறுவை சிகிச்சைகள் அப்படித்தான் வேலூரில் ஆரம்பமாயின.

அந்த அறுவை சிகிச்சைகளை விடப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இருக்கு.

அன்றைக்கு மருத்துவர்கள் உட்பட எல்லாரும் நம்பியது இதுதான்: தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி விரல் உதிரும். பாலுக்கு அது ஒத்துக்கலை. அவர் அறுவை செய்த கைகள் மற்றவர்களின் கைகள் போலவே நன்றாக ஆறின. சதையில் கோளாறு இல்லை. பிறகு விரல் எங்கே போகுது?

ஒருநாள் சாமான் அறை ஒன்றின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். சாவி திரும்பவே இல்லை. தொழுநோய் இருந்த ஒல்லியான சிறுவன் ஒருவன் வந்தான், சுமார் 10 வயது. நான் திறக்கிறேன் டாக்டர்னு சாவியை வாங்கி ஒரே திருகு. பூட்டு திறந்துகொண்டது. வளர்ந்த ஆளால் முடியாததை இந்தச் சின்னப் பையன் எப்படிச் செய்தான்னு ஆச்சரியப்பட்டவர் கீழே பார்த்தார். தரையில் ரத்தத் துளி. சிறுவனின் விரல் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

நமக்கு சாவி அழுத்தும்போது விரல் வலிக்கும், உடனே விட்டுடுவோம். அவனுக்கு "போதும், நிறுத்து"ன்னு சொல்ல ஆளில்லை. நாம் அபார பலம்னு நினைத்தது, எல்லை தெரியாததால் வந்த பலம்.

அப்புறம் பால் ஒவ்வொரு காயமாகத் துப்பறிந்தார். கரி நெருப்பில் கிடக்கும் கிழங்கை வெறுங்கையால் எடுப்பது, ஆணி ஏறிய செருப்போடு நாள் முழுக்க நடப்பது. இரவில் விரல் காணாமல் போனவர்களின் மர்மம்கூட விடுபட்டது. தூங்கும்போது எலி கடித்தது, வலிக்காததால் யாரும் விழிக்கலை. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு ஒரு பூனையையும் அனுப்பி வைக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது.

முடிவு இதுதான். தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் பறிக்குது. விரல் போவது அந்த வலியின்மையால், தினசரி வாழ்க்கையின் சின்னச் சின்ன காயங்களால். வேறு காரணத்தால் நரம்பு மரத்தாலும் இதே கதைதான். சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஆறாத புண் வருவதற்கு உணர்விழப்பு முக்கியக் காரணம்னு இன்று எல்லா டாக்டருக்கும் தெரியும். அந்தப் புரிதலுக்குப் பின்னால் பால் பிராண்டின் உழைப்பு நிறைய இருக்கு.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். உணர்வு போன கையை நோயாளிகள் தங்களுடையதாகவே நினைக்கலை. ஏதோ ஒரு கருவி மாதிரி, கட்டி வைத்த கட்டை மாதிரி நடத்தினாங்க. வலி போனதோடு "இது நான்" என்ற உணர்வும் போயிருந்தது.

இந்த இடத்தை மனசில் வச்சுக்கோங்க. இப்போ பர்ன் அவுட்டுக்கு வருவோம்.

இந்தச் சொல்லை மருத்துவ இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். பகலில் சொந்த கிளினிக், இரவில் போதைக்கு அடிமையானவர்களுக்கான இலவச மருத்துவமனையில் தொண்டு. அங்கே ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் கொஞ்ச மாதத்தில் எரிந்து அணைந்த விறகு மாதிரி ஆவதைப் பார்த்தார். அவருக்கும் அதுவே நடந்தது. 1974-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் உருவாக்கினாங்க. இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர் ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது அதுதான்.

அதில் மூன்று பகுதி. முதலாவது, உணர்ச்சி வற்றிப்போவது. இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனுஷனாகவே பார்க்காமல் போவது. மூன்றாவது, நான் எதையும் உருப்படியா செய்யலைன்னு தோன்றுவது. 2019-ல் உலக சுகாதார நிறுவனமும் ஏறக்குறைய இதே மூன்றைத்தான் சொன்னது. கூடவே ஒரு முக்கியமான விளக்கம்: இது நோய் கிடையாது, பணியிடம் சார்ந்த ஒரு நிலை. அதாவது, கோளாறை அந்த ஆளுக்குள்ளே மட்டும் தேடாதீங்க.

இரண்டாவது பகுதியைப் பாருங்க. "அந்த 12-ஆம் பெட்டு என்ன ஆச்சு?" "அந்த லிவர் கேஸை அனுப்பிட்டியா?" வார்டில் இதை நாம் எல்லாரும் கேட்டிருக்கோம். படுத்திருப்பவர் கருப்பாயி அக்காவா, முருகேசன் அண்ணனா என்பது மறந்துபோய் பெட்டும் லிவரும் மட்டும் மிஞ்சுது. 2009-ல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களை ஆண்டு ஆண்டாகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. அவர்களுடைய பரிவு கணிசமாகக் குறைவது மூன்றாம் ஆண்டில். அங்கே அதுதான் வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் ஆண்டு. நோயாளியை நெருங்கும் நேரத்தில்தான் உணர்வு மரக்குது.

பர்ன் அவுட் என்றால் வலி அதிகமாவதுன்னு நாம நினைக்கிறோம். தொடக்கத்தில் அப்படித்தான். முற்றிய நிலையில் வலி தெரியாமல் போயிடுது. முதல் மரணத்தைப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் மொட்டைமாடியில் அழுகிற மாணவனைப் பார்த்து நாம் கவலைப்படுறோம். அவனுக்கு இன்னும் நரம்பு வேலை செய்யுது. 36 மணி நேரம் நின்னும் அசராமல், எதற்கும் கலங்காமல், ஜோக் அடித்துக்கொண்டு கேஸ் ஷீட் எழுதுறானே, அவனைத்தான் "செம ஸ்ட்ராங் பா"ன்னு பாராட்டுறோம். பூட்டைத் திறந்த சிறுவனைப் பாராட்டிய மாதிரி. கீழே தரையை யாரும் பார்க்கிறதில்லை.

இது வெறும் உவமை இல்லைங்க, உடலியலே இதைச் சொல்லுது.

2003-ல் அமெரிக்காவில் ஒரு தூக்க ஆய்வு வெளியானது. ஆரோக்கியமானவர்களை 14 நாள் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரமோ 4 மணி நேரமோ மட்டும் தூங்க விட்டாங்க. அவர்களுடைய கவனமும் வேகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. கடைசியில் ஒன்றிரண்டு ராத்திரி சுத்தமா தூங்காதவர்கள் அளவுக்கு மோசம். ஆனா "தூக்கம் வருதா?"ன்னு கேட்டால், கொஞ்சம்தான்னு பதில். சரிவு தொடர்ந்தது, சரிகிறோம் என்ற உணர்வு மட்டும் நின்னுபோச்சு. "எனக்கு அஞ்சு மணி நேரமே பழகிடுச்சு சார்"னு சொல்ற மாணவர்கள் இதைத் திரும்பப் படிங்க. பழகியது உங்க மூளையின் அலாரம்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03 சதவீதம். ஸ்கூட்டர் ஓட்டத் தகுதியில்லாத நிலையில் ஒருவரை ஐ.சி.யூ-வில் நிறுத்துறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சி முறையில் இருந்து. "ரெசிடென்ட்" என்ற சொல்லுக்கு அர்த்தமே அங்கேயே குடியிருப்பவர். ராப்பகலா மருத்துவமனையே கதி. ஹால்ஸ்டெட் மாபெரும் அறுவை நிபுணர், சந்தேகமில்லை. ஆனா கொக்கேயினை உள்ளூர் மயக்க மருந்தாகச் சோதித்தபோது அதற்கே அடிமையாகி, அதிலிருந்து மீள மார்ஃபின் எடுத்து, கடைசிவரை அதை விட முடியாமல் இருந்தவர். உலகமே பின்பற்றும் பயிற்சி முறையை வகுத்தவரே தன் உடம்பு சொல்வதை மருந்தால் அடக்கி வைத்திருந்தவர் என்பதை எத்தனை பேருக்குச் சொல்லித் தர்றோம்?

1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். அவரைப் பார்த்தது நீண்ட நேர டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அவருடைய தந்தை பத்திரிகையாளர், விடலை. 1989-ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம்னு வரம்பு வைத்தது. 2003 ஜூலை 1 முதல் அமெரிக்கா முழுக்க அந்த வரம்பு வந்தது. அடுத்த வாரம், ஜூலை 8 அன்று, பால் பிராண்ட் அந்த நாட்டிலேயே காலமானார். தற்செயல்தான், ஆனா என்னால் கவனிக்காமல் இருக்க முடியலை.

நம் நாட்டில்? ரெசிடென்ட் டாக்டருக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் தொடர் டியூட்டி கூடாதுன்னு மத்திய அரசின் உத்தரவு 1992-லேயே இருக்கு. படித்துவிட்டுச் சிரிக்கிற பி.ஜி. மாணவர்கள் எத்தனை பேர்னு எனக்குத் தெரியும். 2023-ன் முதுநிலைக் கல்வி விதிகள் "நியாயமான பணி நேரம்"னு சொல்லுது. நியாயம் எத்தனை மணி நேரம்னு சொல்லலை.

2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு அறிக்கை வந்தது. ஆன்லைன் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதில் சொன்னாங்க. தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 சதவீதம், முதுநிலையில் 31.2 சதவீதம். தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது, எல்லா மாணவர்களுக்கும் அப்படியே பொருத்த முடியாது. அப்படியே வச்சுக்கிட்டாலும், பதில் சொன்ன முதுநிலை மாணவர்களில் மூன்றில் ஒருவர் என்பது சாதாரண எண்ணிக்கையா? வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு, தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

"ஒரு நாள் லீவு விட்டா எல்லாம் சரியாயிடுமா? நாங்க எல்லாம் படிக்கலையா?"ன்னு கேட்கிற சீனியர்களுக்கு மறுபடியும் பால் பிராண்டிடம் வர்றேன்.

1966-ல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே எலிகளின் பாதத்தில் ஒரு சோதனை. பாதத்தைக் காயப்படுத்தாத அளவுக்கு மிதமான அழுத்தம்தான். ஆனா அதே இடத்தில், நாளுக்கு ஆயிரக்கணக்கான முறை, நாள்தோறும். சில நாளில் அழற்சி வந்து பாதம் புண்ணாகிப் பிளந்தது. இன்னொரு குழுவுக்கு அதே அழுத்தம், எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் குறைவு, கூடவே வார இறுதியில் ஓய்வு. அந்தப் பாதங்கள் பிளக்கலை. தோல் தடித்து முன்பைவிட உறுதியானது.

இதை ஒவ்வொரு துறைத் தலைவரின் அறையிலும் எழுதி ஒட்டலாம். கஷ்டம் கொடுத்தால்தான் டாக்டர் உறுதியாவான்னு சொல்றது பாதி உண்மை. இடைவெளி விட்டுக் கொடுத்த அழுத்தம் உறுதியாக்குது, இடைவெளி இல்லாத அதே அழுத்தம் பிளக்குது.

உணர்வுள்ள மனிதன் நீண்ட தூரம் நடக்கும்போது, தெரியாமலே நடையை மாற்றி மாற்றி எடை போடுவான். தேவைப்பட்டால் நொண்டுவான். அந்த நொண்டல்தான் காலைக் காப்பாற்றுது. மரத்த கால் முதல் அடி வைத்த மாதிரியே கடைசி அடியும் வைக்கும், அதனால்தான் புண்ணாகும். நம் கல்லூரிகளில் கொஞ்சம் நொண்டுறவனுக்கு என்ன பேர் வைக்கிறோம்? "சீரியஸ்னஸ் இல்ல." "இதுக்கெல்லாம் லீவா?"

சரி, அலாரம் போயிடுச்சுன்னா புதுசா ஒன்று மாட்டிடலாமே? பால் அதையும் முயன்றார். உணர்விழந்தவர்களுக்குச் செயற்கை வலி. அழுத்தம் கூடினால் சத்தம் போடும் கையுறை, பிறகு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி. பல ஆண்டு உழைப்பு, பெரும் செலவு. தோற்றுப்போச்சு. காரணம் கேளுங்க: ஒரு வேலையை எப்படியாவது முடிக்கணும்னு தோன்றியதும் நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடியும் போட்டுக்கிட்டாங்க. அணைக்க முடிகிற அலாரம் வலிக்கு ஈடாகலை.

கல்லூரியில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெல்னஸ் செமினார், காலை யோகா, போனில் தண்ணி குடின்னு சொல்ற ஆப், எல்லாமே இந்தக் கையுறை மாதிரிதான். கெட்டதில்லை. ஆனா வேலை கழுத்தை நெரிக்கும்போது முதலில் அணைக்கப்படுவது அதுதான். தூக்கத்தைப் பற்றிய வகுப்பை நைட் டியூட்டி முடித்தவன் உட்கார்ந்து கேட்கணும் என்கிற ஊர் இது.

அப்போ எது வேலை செய்யுது?

முதலாவது, மூத்தவர்கள். பால் சொன்ன ஒரு அனுபவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேலூரில் அவருடைய பயிற்சி மாணவர் ஒருவர் ஒரு நோயாளியின் படுக்கை அருகே மண்டியிட்டு, கூச்சமான ஒரு கேள்வியை இதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முகபாவனையைப் பார்த்ததும் பாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லண்டனில் தனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ராபின் பில்ச்சரின் அதே முகம்! இந்த மாணவர் லண்டனுக்குப் போனதே இல்லை. அவரை எப்படி உனக்குத் தெரியும்னு கேட்டார். யாரையும் தெரியாது சார், அது உங்க முகபாவனைதான்னு மாணவர்கள் சிரித்தாங்க.

பரிவு அப்படித்தான் பரவுது. ஆனா எரிச்சலும் அப்படித்தான் பரவுது. ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாடியும் ஜூனியரைக் கேவலப்படுத்தும் சீனியரின் முகத்தை, ரெண்டு வருஷம் கழித்து அந்த ஜூனியரின் முகத்தில் பார்க்கலாம்.

இரண்டாவது, தன்னிலை. இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "பாலின் அம்மா ஈவ்லின் மட்டும் எப்படி?" நியாயமான கேள்வி. கணவரை இழந்த பிறகும் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் ஓய்வு கொடுத்து அனுப்பும் வயது வந்தபோது, 70-ஐ நெருங்கும் நிலையில், சொந்தப் பொறுப்பில் கொல்லிமலைக்கே ஏறினார். விழுந்து எலும்பு உடைந்தும், குதிரையிலும் பிறகு ரெண்டு மூங்கில் தடி ஊன்றியும் மலை மலையாகப் போனார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறந்தார், கணவரின் அருகில் அடக்கம். ஃபிராய்டன்பெர்கரின் கட்டுரை வந்த அதே ஆண்டு.

"பார்த்தீங்களா, அந்தக் காலத்து உறுதி"ன்னு இதை மாணவர்கள் தலையில் அடிக்கப் பயன்படுத்தாதீங்க. பர்ன் அவுட் வருவதற்குப் பணியிடத்தில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொன்னாங்க மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டரும்: வேலைப் பளு, தன் வேலை மேல் தனக்குள்ள அதிகாரம், அங்கீகாரம், சக மனிதர்கள், நியாயம், மதிப்பீடுகள். ஈவ்லினுக்குப் பளு மட்டும்தான் அதிகம். எந்த மலைக்கு எப்போ போறதுன்னு முடிவு பண்ணது அவர். போன இடத்தில் அவரைப் பேர் சொல்லித் தெரியும். செய்த வேலை அவர் நம்பிய வேலை. நம்ம முதலாண்டு பி.ஜி-க்கு இந்த ஆறில் எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. சாப்பிடப் போகும் நேரம்கூட அவன் கையில் இல்லை.

மூன்றாவது, தினசரிப் பரிசோதனை. இதுதான் மாணவர்களே, உங்களுக்கு. வலி இல்லாதவர்கள் விரலைக் காப்பாற்றிக்கொள்ள பால் கற்றுக்கொடுத்தது ரொம்ப எளிய விஷயம்: தினமும் கையையும் காலையும் கண்ணால் பார். வலிக்கலைன்னாலும் பார். சிவந்திருந்தால், சூடா இருந்தால், இன்றைக்கு அதற்கு ஓய்வு. உணர்வை நம்ப முடியாதவன் கண்ணை நம்பணும். சர்க்கரை நோயாளிக்கு நாம் தினமும் சொல்வதும் அதையேதான்.

அதே மாதிரி, "எனக்கு ஒண்ணும் தோணலையே"ன்னு உங்க உணர்வை நம்பாதீங்க. கண்ணால் பார்க்கக்கூடியதைப் பாருங்க. இந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினேன்? கடைசியா உட்கார்ந்து எப்போ சாப்பிட்டேன்? இன்றைக்குப் பார்த்த நோயாளிகளில் எத்தனை பேரின் பேர் ஞாபகம் இருக்கு? வீட்டுக்கு எப்போ போன் பண்ணேன்? தூங்க மாத்திரையோ மதுவோ தேவைப்படுதா? ஒரு மரணத்தைச் சொல்லும்போது எனக்குள்ள ஏதாவது அசையுதா? ரெண்டு மூணு கேள்விக்குப் பதில் மோசமா இருந்தா, அது சிவந்த பாதம். புண்ணாகும் வரை காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒரு ஆளிடம், ஒரு மனநல மருத்துவரிடம் பேசுங்க. டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். சாகணும்னு எண்ணம் வந்தா, நாளைக்குப் பார்க்கலாம்னு விடாதீங்க. இன்றைக்கே, இந்த மணி நேரமே பேசுங்க. ரூம்மேட் அப்படிப் பேசினா தனியா விடாதீங்க.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை போனில் "ரொம்ப கஷ்டமா இருக்கும்மா"ன்னு சொன்னா, நல்ல செய்தி. அவனுக்கு வலிக்குது, உங்ககிட்ட சொல்றான். "எவ்வளவு கஷ்டப்பட்டு சீட்டு வாங்கினோம், பல்லைக் கடிச்சுக்கோ"ன்னு சொல்லி அந்த நரம்பை வெட்டிடாதீங்க.

பால் பிராண்டின் வாழ்க்கையில் ஒரு ராத்திரி உண்டு. 1950-களில் நீண்ட கடல் பயணம், ரயில் பயணம் எல்லாம் முடித்து, உடம்பு சரியில்லாமல், களைத்துப்போய் லண்டனில் ஓர் அறைக்கு வந்தார். காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்வே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கலை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டதுன்னு முடிவு செய்து, உடையைக்கூட மாற்றாமல் விடிய விடியக் கிடந்தார். மனைவியை, குழந்தைகளை இனி எப்படி நெருங்குவது என்ற யோசனை. காலையில் மறுபடியும் ஊசியைக் குத்தினார். சுரீர்னு வலித்தது! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததில் நரம்பு அமுங்கியிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காகச் சந்தோஷப்பட்ட மனுஷர் அவர். வாழ்நாள் முழுக்க வலியைப் பரிசு என்றுதான் சொன்னார்.

அமுங்கிய நரம்பு மீளும். மாணவர்களின் மரத்துப்போதலும் பெரும்பாலும் அந்த வகைதான், அழுத்தத்தை எடுத்தால் மீளும். அதை எடுக்க வேண்டியவர்கள் டியூட்டி பட்டியல் போடும் கையில் பேனா வைத்திருக்கும் நாம்.

படித்த சீனியர்கள் இந்த வாரப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்க. யார் பேருக்கு நேரே ஓய்வு நாள் இல்லையோ, அந்தப் பேரிலிருந்து ஆரம்பிங்க.